பிடிக்குள்ளே பிரம்பு

இங்கிலாந்தின் பழைய கிரிக்கெட் நட்சத்திரம் டபிள்யூ. ஜி. கிரேஸ் தாடியும் சின்னத் தொப்பியுமாக மட்டையோடு நிற்கும் படத்தைப் பார்த்தவுடன் பெரும்பாலானோர் கேட்பது ஒன்றுதான்: "இந்தக் கட்டையை வெச்சா இவ்வளவு ரன் அடிச்சாரு?" கேள்வியில் ஆச்சரியம் பாதி, ஏளனம் பாதி. விளிம்பு ஒல்லி, எடை ஒரு கிலோவை ஒட்டி, முதுகில் நம் காலத்து மட்டையைப் போல மேடு இல்லை, பளபளக்கும் ஸ்டிக்கரும் இல்லை. ஏதோ ஊர்த் தச்சர் மீந்துபோன பலகையில் செதுக்கிக் கொடுத்ததைப் போலத்தான் தெரியும். 19ஆம் நூற்றாண்டின் கடைசி இருபது ஆண்டுகளில் இங்கிலாந்தில் விற்ற கிரிக்கெட் சாமான்களைப் பற்றிப் பேச்சு வந்தாலே இந்த எண்ணம் கூடவே வந்துவிடுகிறது. கிடைத்ததைக் கட்டிக்கொண்டு ஆடினார்கள், நல்ல சரக்கு பின்னால்தான் வந்தது என்று. இதை ஒப்புக்கொள்ள முடியவில்லை. அந்தச் சாமான்களின் வேலைப்பாடு கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருந்தது. அவற்றின் பலவீனமும் அங்கேயே இருந்தது. வாங்குபவரின் தொல்லையும் அங்கேதான் தொடங்கியது.

அளவு விஷயத்தில் அவர்களுக்குக் கை கட்டப்பட்டிருந்தது. 1771இல் செர்ட்ஸி அணிக்காக தாமஸ் ஒயிட் என்பவர் விக்கெட்டையே மறைக்கும் அகலத்தில் ஒரு மட்டையோடு வந்து நின்ற கூத்துக்குப் பிறகு, அகலம் நாலே கால் அங்குலத்தைத் தாண்டக் கூடாது என்று ஆனது. 1835இல் நீளத்துக்கு 38 அங்குலம் என்று வரம்பு வந்தது. 1884இன் சட்டத் தொகுப்பிலும் இவைதான். ஆக ஒரு கடையின் மட்டைக்கும் அடுத்த கடையின் மட்டைக்கும் வெளித்தோற்றத்தில் பெரிய வித்தியாசம் காட்ட வழியில்லை. மரம் ஒன்று, அகலம் ஒன்று, நீளம் ஒன்று. வித்தியாசம் காட்ட மிஞ்சியிருந்த ஒரே இடம் பிடி.

பிடி எப்படிப் பிரிந்தது

தொடக்கத்தில் மட்டை ஒரே மரத்துண்டு. பிடியும் அடிக்கும் பகுதியும் சேர்த்து ஒரே வில்லோவில் செதுக்கியது. இதில் இரண்டு கோளாறு. வில்லோ லேசான, மெத்தென்ற மரம். பந்தின் அடியை வாங்கிக்கொள்ள அது சரி, கையில் பிடித்து முறுக்க அது சரியில்லை. பிடி முறிந்தால் மட்டை முழுக்க விறகு. இரண்டாவது கோளாறு கைக்கு. பந்து நடுவில் படாமல் நுனியிலோ மேலேயோ பட்டால் மரத்தின் அதிர்வு அப்படியே உள்ளங்கைக்கு ஏறும். குளிர்ந்த மே மாதக் காலையில் அந்த அடி எப்படி இருக்கும் என்பது, பனிக்காலத்தில் இரும்புக் கம்பியால் கல்லைத் தட்டிப் பார்த்தவர்களுக்குப் புரியும்.

தோளுக்கு மேலே கையைச் சுழற்றிப் பந்து வீசுவது 1864இல் அனுமதிக்கப்பட்டபின் இந்தத் தொல்லை இரட்டிப்பானது. ஆடுகளமோ மேடு பள்ளம். பந்து எங்கே எழும்பும் என்று தெரியாது. எழும்பிய பந்து மட்டையின் தோளில், அதாவது பிடியை ஒட்டிய மேல்பகுதியில், பட்டால் அதிர்ச்சி நேரே பிடிக்குத்தான் போகும். பிடியை வேறு மரத்தில் செய்து, அடிக்கும் பகுதியான பிளேடுக்குள் செருகும் வழக்கம் இதற்கு முன்பே வந்திருந்தது. திமிங்கலத்தின் வாய்க்குள் இருக்கும் வளையும் தகட்டைக்கூடப் பிடியில் வைத்துப் பார்த்தார்கள். 1853இல் நாட்டிங்ஹாம்ஷயர் ஆட்டக்காரர் தாமஸ் நிக்ஸன் பிரம்பைக் கொண்டுவந்தார். 1841இல் தக்கை வைத்த காலுறைகளை (இன்று பேடு என்கிறோமே, அதை) செய்தவரும் இவர்தான். பிறகு 1880களில், ரயில் பாதைகளும் பாலங்களும் கட்டிய புருனெலிடம் வேலை கற்ற பொறியாளர் சார்லஸ் ரிச்சர்ட்ஸன் பெயரோடு, இன்று நாம் பார்க்கும் ஆப்பு வடிவ இணைப்பு நிலைபெற்றது. கிரிக்கெட் சாமான்களின் சரித்திரத்தில் ஒரே ஒரு திருப்பத்தைக் காட்டச் சொன்னால், நான் காட்டுவது பிளேடை அல்ல, இந்தப் பிடியைத்தான்.

அது செய்யப்படும் விதத்தைப் பார்த்தால்தான் ஏன் என்று விளங்கும். தென்கிழக்கு ஆசியக் காடுகளிலிருந்து வரும் பிரம்பை முழுதாக வைப்பதில்லை. சதுரக் கீற்றுகளாக இழைத்து, ஒன்றோடு ஒன்று வஜ்ஜிரம் என்ற தோல் பசை தடவி ஒட்டிக் கட்டையாக்குவார்கள். நடுவில் மெல்லிய ரப்பர் பட்டைகளைச் செருகுவார்கள். காய்ந்தபின் கடைசலில் உருட்டி, கீழ்முனையை ஆப்பு போலக் கூராக்குவார்கள். பிளேடின் தலைப்பில் அதே கோணத்தில் ஒரு வெட்டு. வஜ்ஜிரத்தைத் தடவி அந்த ஆப்பை வெட்டுக்குள் இறக்கித் தட்டினால் சேர்ந்துகொள்ளும். பிரம்பு வளையும், திரும்ப நிமிரும். ரப்பர் நடுவே இருப்பதால் கீற்றுகள் மயிரிழை அளவுக்கு ஒன்றின் மேல் ஒன்று நழுவ இடம் கிடைக்கும், அந்த நழுவலில் அதிர்வு செத்துப்போகும். கைக்கு வருவது மிச்சம்தான். மேலே மெழுகு தடவிய நூலை இடைவெளி இல்லாமல் இறுக்கிச் சுற்றிவிட்டால் பிடி தயார். மலாயாவின் ரப்பர் தோட்டங்களெல்லாம் 1890களின் நடுவில்தான் தொடங்கின. அதற்கு முன் இந்தப் பட்டைகளுக்கான ரப்பர் பெரும்பாலும் அமேசான் காட்டில் பால் வடித்து வந்தது. சஸெக்ஸில் வளர்ந்த மரத்தில், ஆசியப் பிரம்பும் பிரேசில் பாலும் மாட்டுத்தோலைக் காய்ச்சிய பசையில் ஒட்டிக் கிடந்தன. "கட்டை" என்று சொல்வதற்கு முன் இதைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளலாம்.

இதில் எது கெடும்? எல்லாமே கெடும். ஆப்பின் கோணமும் வெட்டின் கோணமும் ஒரு நூல் அளவு பொருந்தாவிட்டால் ஆப்பின் நுனிக்குக் கீழே காற்று நிற்கும். அடி விழ விழ பிடி அங்கே ஆடத் தொடங்கி, தோளில் பிளேடு பிளக்கும். வஜ்ஜிரத்துக்கு ஈரமும் ஆகாது, சூடும் ஆகாது. மழையில் நனைந்த மட்டையைக் கணப்பின் அருகே சாய்த்துவைத்துக் காயவைப்பது அந்தக் காலத்தின் மிகச் சாதாரணமான தப்பு. முதலில் பசை இளகும், பிறகு மரம் வெடிக்கும். ரப்பரோ நாளாக ஆகக் கட்டிதட்டி நொறுங்கும். அப்போது பிடிக்குள் எதுவோ "கிரிக்" என்று பேசும். நூல்கட்டுக்கு அடியில் நடப்பதால் யாருக்கும் எதுவும் தெரியாது. கடைக்காரர் மேசையில் நீட்டிய நேரத்தில் நல்ல பிடியும் மோசமான பிடியும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

பாதி வேலை வாங்கியவருக்கு

பிளேடு தயாராவதே நீண்ட கதை. வில்லோவை ரம்பத்தால் பலகையாக அறுப்பதில்லை, ஆப்பு வைத்துப் பிளப்பார்கள். பிளந்தால்தான் நார் ஓட்டம் எந்தப் பக்கம் போகிறது என்று மரமே காட்டும். அறுத்தால் நாரைக் குறுக்கே வெட்டிவிடும் அபாயம் உண்டு. பிளந்த துண்டுகளின் முனைகளை அடைத்து, ஓராண்டு அல்லது அதற்கு மேல் காற்றில் உலரவைப்பார்கள். இரு கைப்பிடிக் கத்தியால் செதுக்குவார்கள். முகப்பை அழுத்தி இறுக்குவார்கள். இவ்வளவுக்குப் பிறகும் கடையிலிருந்து வந்த மட்டை ஆட்டத்துக்கு ஆகாது. அன்று மாலையே ஆடுகளத்துக்கு எடுத்துப் போனவர் அடுத்த வாரம் விரிசலோடு திரும்பி வருவார்.

செய்ய வேண்டியது இது. காய்ச்சாத ஆளிவிதை எண்ணெயைத் துணியில் தொட்டு, முகப்பிலும் விளிம்பிலும் அடிமுனையிலும் மெல்லியதாகத் தேய்க்க வேண்டும். ஒரு தேக்கரண்டி போதும். காய்ச்சிய எண்ணெய் கூடாது, அது உள்ளே போகாமல் மேலே வார்னிஷ் போலப் படிந்து வெடிக்கும். பிளேடில் பிடி செருகியிருக்கும் இடத்தில் எண்ணெய் படவே கூடாது. பட்டால் வஜ்ஜிரம் விட்டுப்போகும். மட்டையைப் படுக்கவைத்து ஓர் இரவு விட வேண்டும். நிறுத்திவைத்தால் எண்ணெய் முழுக்க அடிமுனைக்கு இறங்கி அங்கே கனத்துப்போகும். மறுநாள் மரம் குடித்துவிட்டதா என்று பார்த்து, தேவையானால் இன்னொரு தடவை. அதன் பிறகு பழைய பந்தாலோ மரச் சுத்தியாலோ தட்டல். முதலில் மெதுவாக, நாள் போகப் போகக் கொஞ்சம் வேகமாக. விளிம்பை நேராக அடிக்காமல் சாய்த்துத் தட்டி உருட்ட வேண்டும். பல மணி நேர வேலை இது. எண்ணெய் அதிகமானால் மட்டை கனத்து, பந்து பட்டதும் "தொப்" என்று உயிரில்லாமல் விழும். குறைந்தால் முகப்பு செதில் செதிலாகப் பெயரும். இரண்டுக்கும் நடுவே இருப்பது அனுபவம்தான். விலைப்பட்டியலில் ஒரு வரியாக அச்சாகும் மட்டை, வாங்கியவர் கையில் இப்படித்தான் முடிவடைந்தது.

பந்துக்குள் என்ன

பந்தின் விஷயம் இன்னும் மோசம். மட்டையையாவது தட்டிப் பார்க்கலாம், பந்தைத் திறந்து பார்க்க வழியில்லை. சட்டம் எடையை ஐந்தரை முதல் ஐந்தே முக்கால் அவுன்ஸ் என்றும், சுற்றளவை 9 முதல் ஒன்பதே கால் அங்குலம் என்றும் சொன்னது. இந்த எல்லைக்குள் இருந்தால் மோசமான பந்தும் தராசில் தேறிவிடும்.

கென்ட்டில் பென்ஸ்ஹர்ஸ்ட் வட்டாரத்தில் டியூக் குடும்பம் 1760 முதல் பந்து செய்துவந்தது. அக்கம்பக்கத்து ஊர்களிலும் இதே தொழில். நடுவில் தக்கை. அதன்மேல் நனைத்த கம்பளி நூலையும் தக்கைச் சீவல்களையும் மாறி மாறிச் சுற்றி, ஒவ்வோர் அடுக்கையும் தட்டித் தட்டி உருண்டையாக்கி உலரவிடுவார்கள். நம் ஊர்ப் பையன்கள் "கார்க் பால்" என்று சொல்லும் பந்தில் தக்கைத்தூளை அச்சில் அடைத்துச் சாயம் பூசியிருப்பார்கள். இது அதுவல்ல. அதற்குச் சமமான மலிவுச் சரக்கு அங்கேயும் இருந்தது, தக்கையும் ரப்பரும் கலந்து வார்த்த "காம்போ" பந்து, பள்ளிக்கூடப் பையன்களுக்கானது. நல்ல பந்துக்கு மேலுறை நான்கு தோல் துண்டுகள். இரண்டிரண்டாக உள்பக்கம் தைத்து இரண்டு கிண்ணம் போலாக்கி, உருண்டையை நடுவே வைத்து, மர இடுக்கியில் பிடித்து, நடுச் சுற்றைத் தைப்பார்கள். ஊசிக்குப் பதில் பன்றி மயிர், நூல் மெழுகு தடவிய ஆளிநார். மட்டைக்கு எண்ணெய் கொடுத்த அதே செடிதான் பந்துக்கு நூலும் கொடுத்தது, என்ன பொருத்தம்! இரண்டு பக்கமும் கூடுதல் தையல் வரிசைகள் ஓடும். ஒவ்வொரு தையலும் ஒரே இழுவிசையில் விழ வேண்டும். ஓரிடத்தில் தளர்ந்தால் அங்கே தோல் வாய் பிளக்கும்.

உள்ளே சுற்றியது தளர்ந்திருந்தால் சில ஓவர்களிலேயே பந்து முட்டை வடிவத்துக்குப் போகும். தோலுக்கும் உருண்டைக்கும் நடுவே இடம் இருந்தால் விரலால் அழுத்தும்போது தோல் நழுவும், தரையில் குத்தினால் ஓசை மொட்டையாக வரும். நனைந்தால் தோல் நீரைக் குடித்து ஊதி, எடையும் ஏறும். இதையெல்லாம் சகித்துக்கொண்டு ஆட வேண்டியிருந்ததற்குக் காரணம் சட்டம். இன்னிங்ஸின் தொடக்கத்தில் மட்டுமே புதுப் பந்து கேட்கலாம். 200 ஓட்டங்களுக்குப் பிறகு இன்னொன்று கேட்கும் உரிமை 1907இல்தான் வந்தது. ஆகவே ஓர் அணி 500 ஓட்டங்கள் எடுத்தாலும் அதே பந்துதான். வீச்சாளருக்குத் தையல் கூராக இருப்பதைவிடப் பந்து மாலைவரை உருண்டையாக இருப்பது முக்கியம். கடையில் இதை யாரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது?

கடைப் பலகையில் ஆட்டக்காரர்கள்

அந்தக் கேள்விக்கு அந்தக் காலத்து வியாபாரம் கொடுத்த பதில்தான் கடைப் பெயர்கள். விஸ்டன் என்றதும் நமக்கு கிரிக்கெட் ஆண்டுப் புத்தகம் நினைவுக்கு வருகிறது. ஜான் விஸ்டன் சஸெக்ஸ் வேகப்பந்து வீச்சாளர். 1855இல் பிரெட் லில்லிவொயிட்டோடு சேர்ந்து லண்டனில் கிரிக்கெட் சாமான்களும் சுருட்டும் விற்கும் கடை போட்டவர். பின்னால் லெஸ்டர் சதுக்கத்தை ஒட்டிய கிரான்போர்ன் வீதியில் தனிக் கடை நடத்தி, 1884இல் அந்தக் கடைக்கு மேலே இருந்த வீட்டிலேயே காலமானார். லில்லிவொயிட் குடும்பம் 1863இல் ஹேமார்க்கெட்டில் கடை திறந்தது. நாட்டிங்ஹாமில் ரிச்சர்ட் டாஃப்ட், பிறகு ஆர்தர் ஷாவும் ஆர்தர் ஷ்ரூஸ்பரியும், 1885இல் வில்லியம் கன்னும் மூரும். பெரும்பாலானோர் ஆடிப் பெயர் எடுத்துவிட்டுக் கல்லாவில் உட்கார்ந்தவர்கள். சிலர் ஆடிக்கொண்டே உட்கார்ந்தவர்கள்.

இதை வெறும் விளம்பரம் என்று தள்ளிவிடுபவர்கள் உண்டு. பிரம்புக்குள் என்ன இருக்கிறது, தோலுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க முடியாத இடத்தில், அதை வைத்துப் பிழைத்த ஒருவரின் பெயர்தான் வாங்குபவருக்குக் கிடைத்த ஒரே உத்தரவாதம் என்பது என் கட்சி. பெயரைத் தாண்டி ஆலையை நம்பி நின்றவர்களும் இருந்தார்கள். ஜார்ஜ் பஸ்ஸி லண்டன் பெக்கமில் பெரிய தொழிற்சாலை வைத்து, சஃபோக்கில் எல்ம்ஸ்வெல்லில் மர வேலையும் நடத்தி, "டீமன் டிரைவர்" மட்டைகளை விற்றார். சஸெக்ஸில் ராபர்ட்ஸ்பிரிட்ஜில் எல். ஜே. நிக்கல்ஸ் 1876 முதல் செய்துவந்த மட்டையைத்தான் கிரேஸ் 1895இல், 46 வயதில், மே மாதத்துக்குள்ளேயே 1000 ஓட்டங்களைக் கடந்தபோது பயன்படுத்தினார் என்பது அந்த நிறுவனத்தின் பெருமை. கிரேஸ் கையில் பிடித்தார் என்ற ஒரு வரிக்கு முன்னால் எந்தப் பிரம்பு விளக்கமும் நிற்காது.

கடை வைத்திருந்தவர்களுக்கு இன்னொரு லாபமும் இருந்தது. 1896இல் லண்டன் ஓவல் மைதானத்து டெஸ்ட்டுக்கு முன்னால் ஐந்து தொழில்முறை ஆட்டக்காரர்கள் ஆட்டக் கூலி 10 பவுண்டு போதாது, 20 பவுண்டு வேண்டும் என்று கேட்டார்கள். ஏபல், ஹேவர்டு, டாம் ரிச்சர்ட்ஸன் மூவரும் கடைசியில் இறங்கிவந்து ஆடினார்கள். கன்னும் லோமனும் ஆடவில்லை. கன்னுக்கு நாட்டிங்ஹாமில் மட்டை விற்கும் கடை இருந்தது. முதுகெலும்பு எங்கிருந்து வந்தது என்று தேடி அலைய வேண்டியதில்லை.

ஷ்ரூஸ்பரி கதை வேறு மாதிரி. அப்போதைய எல்.பி.டபிள்யூ. (விக்கெட்டுக்குப் போகும் பந்தைக் காலால் மறித்தால் அவுட்) சட்டப்படி பந்து இரண்டு விக்கெட்டுக்கும் நேர்க்கோட்டில் குத்தியிருந்தால்தான் அவுட். வெளியே குத்தி உள்ளே திரும்பும் பந்தைக் காலுறையால் தடுத்தால் யாரும் எதுவும் செய்ய முடியாது. இதை ஒரு கலையாகவே ஆக்கியவர்களில் முன்னால் நின்றவர் ஷ்ரூஸ்பரி. காலுறை விற்கும் கடைக்கும் அவர்தான் பங்காளி!

காலுறை, கையுறை, துணி

காலுறைகளில் இரண்டு வகை. ஒன்று எலும்புக்கூடு வகை: பிரம்புப் பட்டைகள் இடைவெளி விட்டு நிற்கும், லேசு, ஓட எளிது, இடைவெளியில் பந்து பட்டால் கால் வீங்கும். மற்றது முழுத் துணியோ தோலோ போர்த்து, உள்ளே பிரம்பும் குதிரை மயிரும் அடைத்தது. பக்கிள்கள் காலின் வெளிப்பக்கம் வர வேண்டும். உள்பக்கம் வந்தால் ஓடும்போது இரண்டும் ஒன்றோடு ஒன்று மாட்டிக்கொள்ளும். கையுறையில் விரல்களின் முதுகில் ரப்பர்க் குழாய்கள், உள்ளங்கை திறந்தே இருக்கும். பிடி நழுவக் கூடாதே. இந்த ரப்பர்க் குழாய் யோசனை நிக்கலஸ் வனோஸ்ட்ராக்ட் என்ற பள்ளி ஆசிரியருடையது. ஃபீலிக்ஸ் என்ற பெயரில் ஆடியவர். பிடிக்குள் இருந்த ரப்பருக்கு வந்த நோய் இதற்கும் வரும். பழையதாக ஆனால் பிசுபிசுக்கும், அல்லது மடித்த இடத்தில் வெடிக்கும்.

துணியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வெள்ளை ஃபிளானல் (மென்மையான கம்பளித் துணி) சட்டை, வெள்ளை ஃபிளானல் கால்சட்டை. முந்தைய தலைமுறையின் புள்ளிச் சட்டைகளும் உயரத் தொப்பிகளும் போய்விட்டன. வண்ணம் வேண்டுமென்றால் பிளேஸரிலும் தொப்பியிலும் இடுப்பில் சுற்றும் துணியிலும் காட்டிக்கொள்ளலாம். வேர்த்த உடம்பில் கம்பளி இருந்தால் குளிர் பிடிக்காது என்பது அன்றைய நம்பிக்கை. தொல்லை துவைக்கும்போதுதான். கம்பளி இழையில் மீன் செதில் போன்ற அடுக்கு உண்டு. சூடான நீரில் சோப்புப் போட்டுத் தேய்த்தால் செதில்கள் ஒன்றில் ஒன்று கோத்துக்கொண்டு துணி தடித்துச் சுருங்கும், திரும்ப விரியாது. வெதுவெதுப்பான நீரில் முன்பே கரைத்த சோப்பு, தேய்க்காமல் பிழிவது, அதே சூட்டு நீரில் அலசுவது, முறுக்காமல் நிழலில் காயப்போடுவது. சோடா போட்டால் மஞ்சளாகும். பழைய ஃபிளானல் பாலாடை நிறத்தில் இருப்பது பெரும்பாலும் துவைத்தவர் கைவண்ணம். கால்சட்டையை ஒரு விரற்கடை நீளமாக வைத்துத் தைப்பதில் நஷ்டமில்லை.

பிடியை மாற்றுவது

மறுபடி பிடிக்கே வருகிறேன். நன்றாகத் தட்டி, எண்ணெய் குடித்து, இரண்டு மூன்று பருவம் ஆடிய பிளேடு வைரம் மாதிரி. அதன் முகப்பு இறுகியிருக்கும், எங்கே அடித்தால் பந்து பறக்கும் என்று வைத்திருப்பவருக்கு மனப்பாடமாகியிருக்கும். அந்த நேரத்தில்தான் பிடி உள்ளே நொறுங்கத் தொடங்கும். ஒரே மரத்துண்டாக இருந்த காலத்தில் அதோடு கதை முடிந்தது. ஆப்பு இணைப்பு வந்தபின் கடையில் கொடுத்துப் புதுப் பிடி போடலாம்.

அதற்கு முதலில் நூல்கட்டைப் பிரித்து, பிளேடின் தலைப்பில் வெந்நீரையோ ஆவியையோ காட்டுவார்கள். வஜ்ஜிரம் மெல்ல இளகும். அவசரப்பட்டால் மரம் நீரைக் குடித்து ஊதிவிடும், பிறகு புதுப் பிடி பொருந்தாது. இளகியதும் பழைய ஆப்பை அசைத்து அசைத்து இழுப்பார்கள். வராத துண்டுகளை உளியால் சுரண்டி எடுத்து, வெட்டின் இரண்டு சுவர்களையும் பழைய பசை ஒட்டாமல் துடைப்பார்கள். பல நாள் காயவிட்ட பிறகு புதுப் பிடியின் ஆப்பைப் பழைய வெட்டின் அளவுக்கு இழைத்து இழைத்துப் பார்ப்பார்கள். புது ஆப்பு நுனிவரை காற்றில்லாமல் உட்கார வேண்டும், தோள் இரண்டிலும் அழுத்தம் சமமாக இருக்க வேண்டும். மழையிலும் கணப்பிலும் மட்டையைக் கைவிட்ட அதே வஜ்ஜிரம், இளகும் குணம் இருப்பதால்தான் இதற்கு இடம் கொடுக்கிறது. இளகாத பசையாக இருந்திருந்தால் பழைய பிடியை எடுக்கப் பிளேடையே வெட்ட வேண்டியிருக்கும். புதுப் பிடியை இறக்கித் தட்டி, வழியும் பசையைத் துடைத்து, நூலை மேலிருந்து கீழே சுற்றி, கடைசிச் சுற்றின் முனையை அடியில் இழுத்து மறைத்துவிட்டுப் படுக்கவைப்பார்கள். இரண்டு நாளைக்கு யாரும் அதைக் கையில் எடுக்கக் கூடாது.